பிலதெல்பியா சீட்டும் சேரினின் தொண்டையும்

இஸ்தான்புல் விமான நிலையம்,
வியாழன் பிற்பகல்.

கனமும் அன்பும் நிறைந்த அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் நாரே கர்த்தருக்குள் தலைவணங்கி எழுதிக்கொள்வது. நம் சபை மூப்பர் மா அவர்கள் இப்போதுதான் எண்ணிய எண்ணிக்கைப்படி நாங்கள் நாற்பத்தொரு பேரும் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்கள் இடது கணுக்கால் மாவுக்கட்டுக்குள் நல்லபடியாகக் கூடி வருகிறதா, குன்சானில் மழை விட்டதா, நம் முடியலங்காரக் கடைத் துண்டுகளை யார் துவைக்கிறார்கள், தலைமுடிச் சாயம் கலக்கும்போது அந்தப் புதிய பெண் கையுறை போடுகிறாளா என்பதையெல்லாம் அறிய ஆவலாக இருக்கிறேன்.

விமானம் ஐந்து மணி நேரம் தாமதமாம். நாளைக்கு நானே கொரியா வந்து வீடு சேர்ந்துவிடுவேன் என்பதும், வந்தபின் வாயால் சொல்லிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் வாயைப் பற்றி உங்களுக்கும் தெரியும். அதனால் வந்தவுடன் இந்தக் கடிதத்தைச் சீப்பு ஊறவைக்கும் ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு, பின்னறையில் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டால் துண்டு மடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை பாஸ்டரம்மா உங்களிடம் தலைமுடிக்குச் சுருள் போட வருகிறார். சுருள்குச்சி மாட்டி ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் சொல்லப்போவதை நான் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தாள்கள் சேரினுடையவை. பாஸ்டர் ஐயா மகள் சேரின்தான், என் வயதுதான், பதினேழு. பூனைப் படம் போட்ட குறிப்பேட்டிலிருந்து எண்ணிப் பார்க்காமல் ஒரு கற்றையாகக் கிழித்துக் கொடுத்துவிட்டாள். ஜாடையில்தான் கேட்டேன். அவளால் பேச முடியாது, எனக்குப் பேச வராது, இருவருக்கும் வசதியாக இருந்தது. அவளுக்கு ஏன் பேச முடியாது என்பதுதான் கடிதமே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள்மேல் பொறாமை கிடையாது. இருந்தது, இப்போது கிடையாது. இருந்தபோது எவ்வளவு இருந்தது என்று நீங்கள் தெரிந்துகொண்டால்தான் இப்போது இல்லாததின் அருமை புரியும். அறையில் எங்கள் இருவரையும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். அவளுடைய பெட்டி நான்கு சக்கரத்தில் நாய்க்குட்டி போலக் கூடவே வருகிறது, என்னுடையது, அதாவது உங்களுடையது, பின்னால் திரும்பித் திரும்பி என் குதிகாலைக் கடிக்கிறது. அவளுடைய முடியை நீங்களே ஒருநாள் கையில் பிடித்துப் பார்த்து, "இந்த முடிமேல கத்தரி வச்சா என் கை அழுகிரும்"னு சொன்னீங்களே, அது எனக்கு மறக்கவே இல்லை, என் முடியை வெட்டும்போது நீங்கள் ஒருநாளும் கையைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அவள் வருவதற்கு முன்பே துருக்கியில் ஐந்து வார்த்தை படித்து வைத்திருந்தாள். எள் தூவிய வளைய ரொட்டி விற்பவர் அந்த ஐந்து வார்த்தைக்கும் ஐந்து ரொட்டி இலவசமாகக் கொடுத்தார். அதில் இரண்டை எனக்குக் கொடுத்தாள். நான் தின்றேன், ருசியாகத்தான் இருந்தது, அதனால் கோபம் அதிகமானது. அப்புறம் பூனைகள். இங்கே இடிந்த கோவிலோ உடைந்த தூணோ எதுவானாலும் மேலே ஒரு பூனை உட்கார்ந்திருக்கும். நான் உங்களிடம்கூடச் சொல்லாமல் ஒரு பை நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தேன். கையில் கருவாட்டை வைத்துக்கொண்டு நான் குந்தியிருக்கிறேன், பூனை என்னைத் தாண்டிப் போய், கையில் ஒன்றுமே இல்லாத சேரின் மடியில் ஏறிப் படுக்கிறது. நீங்களே சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான குற்றத்துக்கு வருகிறேன்.

புத்தாண்டு ஆராதனையில் பைபிளில் யோவான் எழுதிய ஏழு சபைக் கடிதங்களுக்கும் சீட்டுக் குலுக்கினார்களே, பயணத்தில் அந்த ஏழு ஊர்களில் எந்த இடிபாட்டில் யார் எழுந்து நின்று அந்தச் சபைக்குரிய கடிதத்தை வாசிப்பது என்று. ஏழில் ஐந்து சபைக்குத் திட்டு, ஒன்றுக்குச் சிறையும் சாவும், ஒன்றே ஒன்றுக்குத்தான் திறந்த கதவு. அந்தப் பிலதெல்பியா உங்கள் கைக்கு வந்ததும் நீங்கள் கடைக்குத் திரும்பி, தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கு நடுவில் ஆடினது என் கண்ணிலேயே இருக்கிறது. ஆறு வருஷம் காத்திருந்த பயணம். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, நான் கொட்டிவிட்டுத் துடைக்காமல் விட்ட கண்டிஷனரில் நீங்கள் வழுக்கி விழுந்தீர்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "டிக்கெட்ட வீணாக்க முடியாது, நீ போ, போயி என் சீட்ட நீ படி, படிக்கும்போது போன் போடு, நான் இங்கருந்து கேக்குறேன்"னு மட்டும் சொன்னீர்கள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், அதற்கப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள் நான் என்று தெரிந்தும் சொன்னீர்கள்.

அந்தச் சீட்டை நான் இஞ்சோன் விமான நிலையத்திலேயே கொடுத்துவிட்டேன், அத்தை.

வரிசையில் நின்றபோது பாஸ்டரம்மா என் தோளில் கை வைத்தார்.

"நாரே, உனக்குக் கூச்சம்னு ஊருக்கே தெரியும். நம்ம சேரினுக்கு லவோதிக்கேயா விழுந்திருக்கு. வெதுவெதுன்னு இருக்கீங்க, துப்பிருவேன்னு கர்த்தர் காறித் துப்புறத ஒரு பாஸ்டர் பொண்ணு எந்திரிச்சுப் படிச்சா நல்லாவா இருக்கும்? மாத்திக்குவோமா? அத்த ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

பெரியவர்களுக்குப் பதிலாக என் வாய்க்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான்.

"சரிங்க" என்றேன்.

விமானத்தில் பதினோரு மணி நேரமும் 'முடியாதுங்க' என்று சொல்லிப் பழகினேன். நன்றாக வந்தது. ஆனால் யாரும் மறுபடி கேட்கவில்லை.

முதல்நாள் சிமிர்னா ஒழுங்காகப் போனது. இரண்டாம்நாள் பெர்கமு. அங்கே மலைச்சரிவில் பழங்காலத்து நாடக அரங்கம் இருக்கிறது, ஏணி மாதிரிச் செங்குத்தான கல்படிகள். கீழே மேடையில் ஒருவர் தும்மினால் மேலே இருப்பவர் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அப்படி ஒலி போகும் என்று வழிகாட்டி சொன்னதைப் பின்னால்தான் யோசித்தேன். பாஸ்டர் ஐயா எல்லாரையும் கீழ்ப்படிகளில் உட்கார வைத்து, பிரசங்க மேசையில் வைக்கும் அதே பித்தளை மணியைப் பையிலிருந்து எடுத்தார். கூட்டு ஜெபம் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது. "கர்த்தாவே" என்று மூன்று தடவை எல்லாரும் கூவிவிட்டு, அப்புறம் அவரவர் குறையை அவரவர் ஒரே நேரத்தில் கத்துகிறோமே, யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது, மணி அடித்தால் நிறுத்த வேண்டும். என் வாழ்க்கையிலேயே நான் சத்தம் போடும் இடம் அது ஒன்றுதான். அன்றைக்குச் சொல்ல நிறைய இருந்ததால், தனியாக மேலே, முப்பது முப்பத்தைந்து படி ஏறிப் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். மற்றவர்கள் சத்தம் குழப்பக் கூடாதென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

அதுதான் தப்பு. மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

நாற்பது பேரும் சட்டென்று நிறுத்திய அந்த மலையில் என் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்ததாம். என்ன சொன்னேன் என்று மூப்பர் மா வரிக்கு வரி ஒப்பிக்கிறார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கர்த்தாவே, சேரினோட தொண்டையை அடைச்சுப்போடும்! ஒரே வாரம் போதும்! சாகடிக்க வேண்டாம், தொண்டை மட்டும்! அது எங்க அத்தை சீட்டு! நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சு வாங்கிட்டாங்க! பூனையும் அவகிட்டதான் போகுது! முடியும் அவளுக்குத்தான்! முடியை ஒண்ணும் செய்ய வேண்டாம், அது பாவம், தொண்டை மட்டும்! கர்த்தாவே! தொண்டை!"

கண்ணைத் திறந்தேன். நாற்பது முகமும் என்னைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. நாங்கள் புறப்படுவதற்கு முன் நீங்கள் எல்லா அம்மாக்களுக்கும் ஒரே அளவுக் குச்சியில் சுருள் போட்டு அனுப்பியிருந்தீர்களா, அத்தனையும் ஒரே தலை போல இருந்தன, அதனால் ஒரே ஆள் முப்பது தடவை முறைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த வேறு தேசத்து வெள்ளைக்காரர்கள் நான் நாடகம் போட்டேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒரு தாத்தா எழுந்து நின்றே தட்டினார்.

அதுகூடப் பரவாயில்லை. ஜெபம் முடிந்தால் பாஸ்டர் ஐயாவுக்கு வாய் தானாக ஒன்று சொல்லுமே, அன்றைக்கும் அது பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டது.

"ஆமென்" என்றார்.

நாற்பது பேரும் பழக்கத்தில் திருப்பி "ஆமென்" என்றார்கள். பாஸ்டரம்மாவும் சொன்னார். நடுவில் உட்கார்ந்திருந்த சேரினும் சொன்னாள். மேலே இருந்து எனக்கு அவள் குரல் தனியாகக் கேட்டது, அவ்வளவு இனிமை, அந்த நேரத்திலும் எரிந்தது.

அந்தப் படிகளில் எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். உட்கார்ந்தே இறங்கினேன். பேருந்தில் மூப்பர் மா என்னை எண்ணும்போது "இருபத்தி மூணு" என்று சொல்லாமல் "தொண்டை" என்று சொல்லிவிட்டு அடுத்து "இருபத்தி நாலு" என்றார். அறைக்குள் போனதும் சேரினிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் பழகிக்கொண்டிருந்தேன். பழகி முடித்து வெளியே வந்தபோது அவள் முகப்பொலிவுக்காக ஒட்டிக்கொள்ளும் குளிர்ந்த முகத்தாள் ஒன்றை என் தலையணைமேல் வைத்துவிட்டு, தானும் ஒன்று ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். முகத்தாள் ஒட்டிய முகத்திடம் எப்படிப் பேசுவது? நானும் ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் சேரின் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

அத்தை, நான் கையில் பிடித்திருந்த முட்டையைக் கீழே போட்டேன்.

பாஸ்டரம்மா ஓடிவந்தார். முன்பு ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸாக இருந்தாரே, குவாக் சித்தி, அவர் சேரினைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கைபேசி விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "மொளகா விழுது மாதிரி செவந்து கெடக்கு. ஒரு வாரம் பேச்சே கூடாது. பாட்டு கூடவே கூடாது."

"ஒரு வாரமா?" என்றார் பாஸ்டரம்மா.

"ஒரே வாரம் போதும்னுதான கேட்டா" என்றார் மூப்பர் மா, கிம்ச்சி ஊறுகாயை மென்றுகொண்டே.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை காலி, முன்னிருக்கை காலி, பின்னிருக்கை காலி. மன்னர் மாதிரி போனேன். தியத்தீராவுக்குப் போகும் வழியில் மூப்பர் மா மடியில் வைத்திருந்த கிம்ச்சி ஜாடி வெயிலில் பொங்கி 'டப்' என்று வெடித்தது. டயர் வெடித்ததென்று ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். கால்சட்டையெல்லாம் சிவப்புச் சாறோடு மூப்பர் திரும்பி முதலில் பார்த்தது ஜாடியை இல்லை, என்னைத்தான். "நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்மா" என்றார். "அந்தத் தொண்டைன்னு எண்ணுனது. வெளையாட்டுக்கு." அதற்கப்புறம் என்னை ஒழுங்காக இருபத்தி மூன்று என்றே எண்ணினார்.

சர்தையில் இன்னும் மோசம். தூணுக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தேன், அரிசி மாவுக் கடை அம்மா மெதுவாக வந்து என் கையில் இஞ்சி மிட்டாய் வைத்தார்.

"நாரே கண்ணு, ஒண்ணும் தப்பா நெனைக்காத. எங்க மாடி வீட்டுக்காரன் நாய் ஒண்ணு வச்சிருக்கான். விடிய விடியக் கொலைக்குது. அதுக்கு ஒரு ஜெபம் போடுவியா? சாகடிக்க வேண்டாம். தொண்டை மட்டும்."

அவர் போனதும் இன்னொருவர் வந்தார், மருமகள் கைபேசியில் ஓயாமல் பேசுகிறாளாம். மூன்றாவதாக வந்தவருக்குச் சொந்தப் புருஷனே. எல்லாருக்கும் "சரிங்க" என்றேன். அத்தை, பதினேழு வருஷத்தில் என்னிடம் பேச இவ்வளவு பேர் வரிசையில் நின்றது அன்றுதான். கொஞ்சம் நன்றாகவும் இருந்தது, அதையும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வந்தது பாஸ்டரம்மா. அழுதிருந்தார் போல, கண்ணிமை வீங்கியிருந்தது.

"நீ போட்ட ஜெபத்த நீயே திருப்பி எடுத்துரும்மா. நாளைக்குப் பிலதெல்பியா. அவ ஆறு மாசமா கண்ணாடி முன்னாடி படிச்சுப் பழகியிருக்கா."

"அது... ஆறு மாசமாவா?" என்றேன். என் வாயிலிருந்து கேள்வி வந்ததே எனக்கு ஆச்சரியம். சீட்டை மாற்றி ஆறு நாள்கூட ஆகவில்லையே.

அவர் பார்வையைத் தூண்பக்கம் திருப்பிக்கொண்டார். "சீட்டு விழுந்த அன்னிலருந்தே அவளுக்கு அது மேலதான் ஆச. புத்தாண்டுலயே நான் கேட்டுப் பாத்துருக்கணும். ஒங்க அத்தகிட்ட கேக்கத் துணிவு வரல."

கால் உடைந்திராவிட்டாலும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள் அத்தை, என்னிடம்தான் கேட்கலாம் என்று தோன்றியிருக்கிறது. ஆனாலும் அவருக்காக ஒரு கல்மேல் உட்கார்ந்து திருப்பி ஜெபித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஜெபத்தில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. கர்த்தாவே, முடிந்தால் சரியாக்கும், முடியாவிட்டால் உம்முடைய இஷ்டம் என்று சொன்னேன். மாற்றி வாங்கிய லவோதிக்கேயா எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்தநாள் பிலதெல்பியா. அத்தை, நீங்கள் மனசுக்குள் கட்டிவைத்திருப்பது போல அங்கே ஒன்றும் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள். ஊருக்கு நடுவே, வீடுகளுக்கு இடையில் மூன்று பெரிய செங்கல் தூண்கள், அவ்வளவுதான். எதிர்வீட்டில் ஒரு அம்மா திராட்சை இலையைப் பாயில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாசல் இருந்தது, அதில் சைக்கிள் சாத்தியிருந்தது. ஆனால் தூண்கள் பெரியவை. பக்கத்தில் நின்றால் தலை பின்னால் சாய்ந்துவிடும்.

எல்லாரும் நின்றாகிவிட்டது. பாஸ்டரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு தானே தாளை விரித்தார். "சேரினுக்கு முடியாததால தாய் நான் படிச்சிர்றேன்."

அப்போது சேரின் இந்தக் குறிப்பேட்டில் எதையோ பெரிய எழுத்தில் கிறுக்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். குத்துச்சண்டைப் பந்தயத்தில் பலகை தூக்குவார்களே, அந்த மாதிரி நாலு பக்கமும் திரும்பிக் காட்டினாள்.

'இது நாரே அத்தையின் சீட்டு.'

பாஸ்டர் ஐயா படித்தார். "மாத்தினீங்களா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். அவருக்குத் தெரியவே தெரியாதாம். பாஸ்டரம்மா காதுவரை சிவந்து போய்த் தாளை மடித்தார். "நாரே, வாம்மா" என்றார் ஐயா.

கால் எப்படி நடந்ததோ தெரியாது. உங்களுக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி, தூண் விளிம்பில் சாய்த்து வைத்தேன். திரும்பினேன். நாற்பது பேர். வகுப்பில் இருபத்தெட்டு பேர்தான். எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. அப்புறம் நடந்ததில் பாதி உங்களுக்கே தெரியும், மறுபாதியைச் சொல்கிறேன். "என்னடி, லைன் போச்சா?" என்று நீங்கள் கத்தினபோது எதிர்வீட்டு அம்மா திராட்சை இலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். நான் வாசிக்கத்தான் செய்தேன், கொசு மாதிரி வந்தது. "ஒண்ணும் கேக்கல! ஏய், அந்த டிரையர நிறுத்துங்கடி! நாரே, சத்தமா!" என்று நீங்கள் மறுபடி கத்த, எனக்கு அழுகை வந்து, பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமென்று பையைத் தேடினேன். பை பேருந்தில் இருந்தது.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். சேரின். தாளின் மறுபுறத்தைப் பிடித்துக்கொண்டு, முதல் வார்த்தைக்குக் கீழே விரலை வைத்தாள். ஆடிக்கொண்டிருந்த தாள் நின்றது.

பின்னாலிருந்து மூப்பர் மா குரல் கொடுத்தார். "தியேட்டர்ல கத்துனியே, அந்த மாதிரி கத்தும்மா! யாரு தொண்டையும் போனாப் பரவாயில்ல!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாஸ்டரம்மாவே சிரித்துவிட்டார். சேரின் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்து, சிரிப்போடு குரலும் வெளியே வந்துவிட்டது. வந்த குரலை விடாமல் பிடித்துக்கொண்டு, சேரினின் விரல் போன வழியிலேயே போனேன். பலம் கொஞ்சமே இருந்தும் விடாமல் பிடித்துக்கொண்டவர்களுக்கு யாரும் மூட முடியாத கதவு என்று வரும் இடத்தை நீங்கள் கடையில் சாயம் கலக்கிக்கொண்டே சொல்வீர்களே, அதே இழுவையில் வாசித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் என் காலில் ஏதோ கனமாக இருந்தது. பூனை. சேரின் பக்கத்திலேயே நிற்கிறாள், பூனை என் காலில். பையில் நெத்திலி இருந்ததுதான், இருந்தாலும்.

நீங்கள் உடனே போனை வைத்துவிட்டீர்கள். மூக்கு உறிஞ்சும் சத்தம் போலக் கேட்டது. டிரையர் சத்தமாகவும் இருக்கலாம்.

அப்புறம் எல்லாம் சுருக்கம்தான். லவோதிக்கேயாவில் வாசிக்க ஆளில்லாமல் பாஸ்டரம்மாவே எழுந்து, வெதுவெதுப்பையும் துப்புவதையும் தன் வாயாலேயே படித்தார். எபேசில் இன்னும் பெரிய நாடக அரங்கம் இருக்கிறது. பாஸ்டர் ஐயா என்னை முதல் படியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, "இன்னிக்கு எல்லாரும் மனசுக்குள்ள ஜெபிப்போம்" என்றார்.

பெர்கமுவில் நான் கேட்டதைக் கர்த்தர் அப்படியே கொடுத்துவிட்டார் என்பதை நினைத்தால் இந்த வரியை எழுதவே பயமாக இருக்கிறது. ஒரு பெண்ணின் தொண்டையை அடைத்துவிட்டு வாங்கிய வாசிப்பு. அதனால் தூண்களுக்குக் கீழே நின்றே ஒரு தீர்மானம் எடுத்தேன், இனி என் ஆயுளுக்கும் சேரின்மேல் பொறாமைப்பட மாட்டேன். அதற்குப் பரிகாரமாக ஐந்து நாளாக அவளுக்கு இஞ்சித்தேன் கலக்கிக் கொடுக்கிறேன், மிச்ச நெத்திலி முழுவதையும் கொடுத்தேன், அவள் எழுதிக் காட்டுவதை ஓடிப்போய்க் கடைக்காரர்களிடம் நானே வாய் திறந்து சொல்கிறேன். நன்மை செய்வதில் அவளைத் தாண்டிவிட்டேன் என்றுகூட எனக்கு ஒரு நிம்மதி. இதோ எதிரே உட்கார்ந்தபடி தூங்குகிறாள். தூங்கும்போதும் வாய் மூடியே இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

சீட்டைக் கொடுத்ததற்கு மன்னியுங்கள். கண்டிஷனருக்கும் மன்னியுங்கள். செவ்வாய்க்கிழமை பாஸ்டரம்மாவுக்குக் குச்சியை அதிகம் இறுக்க வேண்டாம், அவர் பாவம்.

கடைக்கு வரும் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் எலும்பு நேராகக் கூடவும், சுருள் கலையாமல் நிற்கவும், கர்த்தர் உங்கள் கடைக் கதவைத் திறந்தே வைக்கவும் வேண்டுகிறேன்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
நாரே

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியதை நம்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசித் தாளைத் திருப்பினால், அதில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. சேரினின் கையெழுத்து. குவாக் சித்தியோடு படிக்கட்டுப் பக்கம் போனாளே, அன்றைக்கு எழுதியது.

'சித்தி, எனக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை. சிவந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் என்று சொல்லுங்கள், அவள் ஒரு வாரம்தான் கேட்டாள். நானும் ஆமென் சொல்லியிருக்கிறேன்.'

கீழே குவாக் சித்தியின் கோணல் எழுத்து: 'ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டுத் தாங்குவியா?'

அதற்குக் கீழே: 'அவள் பதினேழு வருஷம் தாங்கியிருக்கிறாளே.'

ஆறு மாதம் பழகியதை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஒன்றுமில்லாத தொண்டைக்கு நான் கலக்கிய இஞ்சித்தேனை ஐந்து நாளாக முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறாள். குரல் அவளுடையது, முடி அவளுடையது, நன்மையாவது என்னுடையது என்று நினைத்தேன். அதிலும் அவளே முந்திவிட்டாள், அதுவும் ஒரு வார்த்தை பேசாமல். எனக்கு எரிகிறது அத்தை. பெர்கமுவில் எரிந்ததைவிட அதிகமாக எரிகிறது. 'ஆயுளுக்கும் பொறாமைப்பட மாட்டேன்' என்று மேலே ஓர் இடத்தில் வரும், அதை அடித்துவிடுங்கள்.

ஒரு வாரம் முடிய இன்னும் ஒருநாள் இருக்கிறது. தாள் தீர்ந்துவிட்டது. கடிதத்துக்கு உறை வேண்டும், அதுவும் அவளிடம்தான் இருக்கிறது, பூனைப் படம் போட்டது. ஜாடையில் கேட்டால் ஜாடையில் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வாள். அதனால் எழுந்து போய் எதிரே நின்று, விமானம் ஏறும் இந்த வாசலில் இருக்கிற நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, வாய் திறந்தே கேட்கப்போகிறேன்.